நிம்ஃபுகள் என்றாலே ஓடி ஓடி மரமாகிறவர்கள்தானா?

கேள்வி சுருக்கமாக இது: கிரேக்கப் புராணங்களில் ஓரமாக வந்துபோகிற பெண்கள், குறிப்பாக ஊற்றிலும் மரத்திலும் மலையிலும் உறைகிற சிறு தெய்வங்களான நிம்ஃபுகள், எல்லார் கதையும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறதே? ஒரு தேவன் பார்க்கிறான், ஆசைப்படுகிறான், துரத்துகிறான். அவள் மரமாகவோ நாணலாகவோ ஊற்றாகவோ மாறிவிடுகிறாள். இதற்கு மேல் ஒன்றுமில்லையா? இவர்களில் தனியாகப் பேர் சொல்லி நினைவில் வைக்கத்தக்கவர்கள் உண்டா?

இந்தச் சலிப்பு எனக்கும் இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அதற்குப் பெரும் பொறுப்பு ஒரே ஆளுடையது. ஒவிட். அவர் கிரேக்கரே கிடையாது, ரோமானியர். லத்தீனில் எழுதினார். உருமாற்றக் கதைகளாகவே தேடித் தேடிச் சேர்த்து, 15 காண்டங்களில் ஒரு பெரிய காவியமாக்கினார், கி.பி. 8 வாக்கில் முடித்தார். உருமாற்றம்தான் நூலின் சரடு என்பதால், ஒரு பெண் எந்தக் கணத்தில் பட்டை போர்த்துக்கொள்கிறாள், விரல் எப்படிக் கிளையாகிறது என்பதில்தான் அவருக்கு ருசி. ஐரோப்பிய ஓவியர்களும் சிற்பிகளும் பிறகு வந்த சிறுவர் கதைத் தொகுப்புகளும் அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டன. இலியட், ஒடிஸி காவியங்களின் ஹோமருக்கும் ஒவிட்டுக்கும் இடையில் ஏறக்குறைய 700 வருஷம். கிரேக்கக் கிராமத்து ஆள் ஒருவருக்கு நிம்ஃப் என்றால் என்னவாக இருந்தது என்பது அந்த இடைவெளியில்தான் கிடக்கிறது.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். 'நிம்ஃபே' என்றால் கிரேக்கத்தில் மணப்பெண். கல்யாண வயதில் நிற்கிறவளுக்கும் அதே சொல், புதிதாகக் கல்யாணமானவளுக்கும் அதே சொல். இன்றைய கிரேக்கத்திலும் 'நீஃபி' என்று அது புழக்கத்தில் இருக்கிறது. மணப்பெண்ணும் நீஃபி, மருமகளும் நீஃபி. தமிழில் நாம் வனதேவதை என்று எழுதிவிடுகிறோம், ஆனால் இவர்களில் பாதிப்பேர் தண்ணீரில் இருக்கிறவர்கள். அப்சரஸ் என்றால் இந்திர சபை ஞாபகம் வந்துவிடும். நிம்ஃபுக்குச் சபை கிடையாது, முகவரிதான் உண்டு: இந்த ஊற்று, அந்தக் குகை, மேட்டில் நிற்கிற அந்த ஓக் மரம். சுனையிலும் மலையிலும் உறைகிற அணங்கு என்ற நம் பழைய சொல் கிட்டத்தில் வருகிறது. அதில் அச்சம் ஒரு பிடி கூடுதல். அதனால் நிம்ஃப் என்றே வைத்துக்கொள்கிறேன்.

வகைப்பெயர்களை நிறைய நேரம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஊற்று, ஆறு என்றால் நையாட். கடல் என்றால் நெரெயிட், நெரியஸ் என்ற கடல் கிழவரின் 50 பெண்கள். ஓஷனஸின் பெண்கள் ஓஷனிட். 3000 பேர் என்கிறார் பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட். மலைக்கு ஓரெயாட், மரத்துக்கு டிரையாட். ஒரு மரத்தோடு பிறந்து அந்த மரத்தோடு சாகிறவள் ஹமட்ரையாட். (ராஜநாகத்துக்கும் ஆங்கிலத்தில் இந்த ஹமட்ரையாட் என்ற பேர் உண்டு. 1836இல் அதற்கு அறிவியல் பேர் வைத்தவர் மர நிம்ஃபின் பேரைத்தான் எடுத்தார்.)

இந்த 'மரத்தோடு சாவது' என்பதில்தான் எனக்கு முதல் பிடிப்பு விழுந்தது. காதல் தேவி அஃப்ரொடைட்டிக்கு ஹோமர் பேரில் வழங்கும் ஒரு பழைய துதிப்பாட்டு இருக்கிறது. அதில் அவள் தன் குழந்தை ஈனியாஸை மலை நிம்ஃபுகளிடம் வளர்க்கக் கொடுக்கப்போவதாகச் சொல்கிறாள். அப்போது அவர்கள் யார் என்று ஒரு விளக்கம் வருகிறது: சாகிறவர்களோடும் சேர்த்தி இல்லை, சாகாதவர்களோடும் சேர்த்தி இல்லை. அவர்கள் பிறக்கும்போது கூடவே ஒரு பைன் மரமோ ஓக் மரமோ முளைக்கிறது. முடிவு நெருங்கும்போது முதலில் மரம் நின்ற நிலையிலேயே காய்கிறது, பட்டை சுருங்குகிறது, சுள்ளி உதிர்கிறது. பிறகு இரண்டு உயிரும் ஒன்றாக வெளிச்சத்தை விட்டுப் போகின்றன. வீட்டு வாசலில் பட்டுப்போகிற வேப்பமரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை எவ்வளவு சரியாக இருக்கிறது என்று தெரியும்.

எவ்வளவு காலம் இருப்பார்கள் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஹெசியடின் வரிகள் என்று பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எடுத்துச் சொல்கிறார்: காகம் மனிதனின் ஒன்பது தலைமுறை வாழும். அதைப்போல் நாலு மடங்கு மான், மானைப்போல் மூன்று மடங்கு அண்டங்காக்கை, அதைப்போல் ஒன்பது மடங்கு பீனிக்ஸ், அதைப்போல் பத்து மடங்கு நிம்ஃப். பெருக்கினால் 9720 வரும். தலைமுறை என்றால் 30 வருஷமா, இல்லை இங்கே ஒரு வருஷத்தைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறதா என்று புளூட்டார்க்கின் ஆட்கள் உட்கார்ந்து தர்க்கம் செய்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் நிம்ஃப் ஒருநாள் செத்துத்தான் போவாள். ஒலிம்பஸ் தேவர்களுக்கு இல்லாத குணம் இது. ஊர்க்காரர்களுக்கு அவள் கிட்டத்தில் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கிட்டத்தில் என்றால் எவ்வளவு கிட்டத்தில்? ஏதென்ஸுக்குத் தெற்கே, ஹிமெட்டஸ் மலைத்தொடர் முடிகிற இடத்தில், வாரி என்ற ஊருக்கு மேலே ஒரு குகை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் தேரா தீவிலிருந்து (இன்று சுற்றுலாக்காரர்கள் மொய்க்கிற சான்டொரினி) ஆர்க்கிடேமஸ் என்ற கல்தச்சர் ஒருவர் அங்கே வந்து சேர்ந்தார். குகையைச் செதுக்கி, நிம்ஃபுகளுக்குத் தோட்டம் போட்டு, உளியும் கையுமாகத் தன் உருவத்தையும் பாறையில் வெட்டி வைத்தார். நிம்ஃபுகள் சொல்லித்தான் செய்தேன் என்று கல்வெட்டும் பொறித்தார். அதில் தன்னை 'நிம்ஃபொலெப்டாஸ்' என்று சொல்லிக்கொள்கிறார்: நிம்ஃப் பிடித்தவன். மோகினி பிடித்தவன் என்று நாம் சொல்வோமே, சொல்லமைப்பு அதேதான். ஆனால் இவர் அதைப் பட்டம்போலத் தன் பேருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார்.

அந்தக் குகையில் எனக்குப் பிடித்தது வேறொரு சின்னக் கல்வெட்டு. பலியிட வருகிறவர்களுக்கு அறிவிப்பு: குடலை வெளியே கொண்டுபோய்க் கழுவவும், சாணத்தைச் சுத்தம் செய்யவும். 2400 வருஷத்துக்கு முந்தைய 'கோயிலைச் சுத்தமாக வைத்திருக்கவும்' பலகை. இப்படி ஒரு பலகை தேவைப்படுகிற அளவுக்கு ஆடு ஓட்டிக்கொண்டு ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். 'நிம்ஃப் பிடிப்பது' அப்போது எவ்வளவு சாதாரணப் பேச்சு என்பதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில், இலிஸஸ் ஆற்றங்கரை மரநிழலில் உட்கார்ந்திருக்கும் சாக்ரட்டீஸ், இந்த இடமே அப்படி, பேசிக்கொண்டிருக்கும்போது எனக்கு நிம்ஃப் பிடித்துவிட்டால் ஆச்சரியப்படாதே என்று கேலியாகச் சொல்கிறார்.

டெல்ஃபிக்கு மேலே பர்னாசஸ் மலையில் இருக்கும் கோரிகியன் குகை இன்னும் சுவாரசியம். அதுவும் நிம்ஃபுகளுக்கும், ஆட்டுக்கால் கொண்ட மேய்ப்பர் தேவன் பானுக்கும் உரியது. 1970களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் தோண்டியபோது இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கணுக்கால் எலும்புகள் கிடைத்தன. ஆடுகளின் குதிகால் பக்கத்துச் சின்ன எலும்பு. கிரேக்கப் பிள்ளைகள் அதை வைத்துத் தாயக்கட்டைபோல உருட்டுவார்கள். பெண்பிள்ளைகள் ஐந்தை மேலே வீசிப் புறங்கையில் ஏந்துவார்கள். சாட்சாத் அஞ்சாங்கல்தான். கல்யாணம் நிச்சயமான பெண்கள் தங்கள் விளையாட்டுச் சாமான்களைத் தெய்வத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போவது கிரேக்க வழக்கம். குகையில் குவிந்ததெல்லாம் அப்படி வந்தவைதான் என்று சொல்ல முடியாது, குறி கேட்க உருட்டியவையும் இருக்கும். என்றாலும் மணப்பெண் என்று பேர்கொண்ட தெய்வத்திடம் அஞ்சாங்கல்லை வைத்துவிட்டுப் போகிற பெண்ணை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஏதென்ஸில் கல்யாணப் பெண்ணுக்கு நீராட்ட கல்லிரோயி என்ற ஊற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வருவார்கள். அதற்கென்றே நீண்ட கழுத்துக் குடம் ஒன்று உண்டு. அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் நிம்ஃபுக்கு ஒரு திறந்தவெளிக் கோயில் இருந்தது. அந்தக் குடங்கள் அங்கே ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. நீராட்டு முடிந்ததும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலே பார்த்தினானில் ஏதீனா தங்கமும் தந்தமுமாக நிற்கிறாள். கல்யாணப் பெண்ணின் குடம் கீழேயுள்ளவளுக்குத்தான் போயிற்று.

இதை முன்னால் வைத்துக்கொண்டு, இனி அந்தத் துரத்தல் கதைகளுக்குத் திரும்பலாம்.

அப்பாவுக்கு ஒருமுறை இதயப் பரிசோதனைக்காகக் காத்திருந்தபோது நர்ஸ் வந்து "எக்கோ முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த சிரிஞ்சைத் தட்டில் வைத்தார். இரண்டு நிம்ஃபுகளின் பேர் ஒரே மூச்சில். சிரிஞ்சு வந்தது 'சிரிங்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து: குழல். ஆர்க்கேடியாவில் சிரிங்ஸ் என்றொரு நிம்ஃபை பான் துரத்துகிறான். லாடன் ஆற்றங்கரையில் வழி அடைபட்டு, என்னை மாற்றிவிடுங்கள் என்று தண்ணீரிலுள்ள சகோதரிகளைக் கேட்கிறாள். பான் எட்டிப் பிடித்தபோது கையில் நாணல். அவன் விட்ட பெருமூச்சில் நாணல் ஒலிக்க, அதையே வெட்டி மெழுகால் ஒட்டி வாத்தியமாக்கிக்கொள்கிறான். நீங்கள் சொன்ன அச்சு அப்படியே. ஆனால் ஒவிட் இதை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். நூறு கண் காவல்காரன் ஆர்கஸைத் தூங்கவைக்க, தேவர்களின் தூதன் மெர்க்குரி (கிரேக்கத்தில் ஹெர்மிஸ்) சொல்லும் கதை இது. பாதிக் கதையில், அவள் ஓடத் தொடங்கும் முன்பே, நூறு கண்ணும் மூடிவிடுகின்றன. மெர்க்குரி கதையை நிறுத்திவிட்டு அவன் தலையை வெட்டுகிறான். மிச்சத்தைக் கவிஞர் நமக்கு மட்டும் சுருக்கிச் சொல்லி முடிக்கிறார். இந்தக் கதைகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன, தூக்கம் வருகிறது என்று நீங்கள் சொன்னதை ஒவிட்டே முன்கூட்டிக் கேலி செய்துவிட்டார்.

எக்கோ விஷயம் வேறு. அவளுக்கு இரண்டு கதைகள், இரண்டும் நேரெதிர். ஒவிட்டில் அவள் வாயாடி. தேவர்களின் அரசன் ஜீயஸ், மலையில் நிம்ஃபுகளோடு இருக்கும்போது அவன் மனைவி ஹீரா தேடி வந்தால் (ஒவிட் லத்தீன் பேர்களில் ஜூபிடர், ஜூனோ என்பார்) பேச்சுக் கொடுத்தே நிறுத்திவைப்பாள். கண்டுபிடித்த ஹீரா, இனி நீயாகப் பேச முடியாது, அடுத்தவர் பேச்சின் கடைசிச் சொற்களைத்தான் திருப்பிச் சொல்ல முடியும் என்று சபிக்கிறாள். பிறகு நார்சிஸஸ் மேல் காதல். அந்த உரையாடல்தான் ஒவிட்டின் கைத்திறன்: அவன் மறுத்துச் சொல்கிற வாக்கியத்தின் வால், அவள் வாயில் சம்மதமாக மாறிவிடும். தமிழில் இதைக் கொண்டுவருவது கஷ்டம். நமக்கு மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'தரமாட்டேன்' என்றால் எதிரொலியும் 'மாட்டேன்' என்றே வரும். ஆனால் நம் பேச்சில் ஒரு வழி இருக்கிறது. அவன் "செத்தாலும் சாவேன், உனக்கா நான் கிடைப்பேன்!" என்று கத்தட்டும். மலை திருப்பிச் சொல்லும்: "நான் கிடைப்பேன்."

இன்னொரு கதை லாங்கஸ் என்பவர் கிரேக்கத்தில் எழுதிய மேய்ப்பர் காதல் கதையில் வருகிறது. அதில் எக்கோ மனித அப்பாவுக்கும் நிம்ஃப் அம்மாவுக்கும் பிறந்தவள். நிம்ஃபுகளிடம் வளர்ந்து, மியூஸ்களிடம் பாட்டும் குழலும் யாழும் கற்றவள். ஆண்களை அண்டவிடவில்லை. பானுக்கு அவள் கிடைக்கவில்லை என்ற கோபம் ஒரு பக்கம், அவள் வித்தைமேல் பொறாமை இன்னொரு பக்கம். மேய்ப்பர்களுக்கு வெறியேற்றிவிட, அவர்கள் அவளைக் கிழித்து, இன்னும் பாடிக்கொண்டிருக்கும் துண்டுகளைப் பூமியெங்கும் வீசுகிறார்கள். பூமி அவற்றை மறைத்து வைத்துக்கொள்கிறது, பாட்டோடு. அன்றிலிருந்து எந்தச் சத்தம் கேட்டாலும் அதே குரலில் திருப்பித் தருகிறது. பான் குழல் ஊதினால் அதையும். ஊதிவிட்டு அவன் துள்ளி எழுந்து, யார் இது, எனக்குத் தெரியாமல் என் வித்தையைக் கற்ற சிஷ்யன் என்று மலை மலையாகத் தேடுகிறான். அங்கே திக்குவாய் போன்ற சாபம், இங்கே கொன்றவனையே அலையவைக்கும் வித்தை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் உலகம் முதலாவதைப் பிடித்துக்கொண்டது.

டாஃப்னியை எல்லாருக்கும் தெரியும், அதனால் வேகமாகப் போகிறேன். அப்போலோ துரத்தியவள், லாரல் மரமானவள், 1622க்கும் 1625க்கும் இடையில் பெர்னினி பளிங்கில் வடித்து, ரோமில் போர்கேஸே கூடத்தில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறவள். கிரேக்கக் கடையில் 'டாஃப்னி' என்று கேட்டால் சமையல் இலையைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். நம் பிரியாணியில் போடும் பிரிஞ்சி இலை அவள் இல்லை, லவங்கப்பட்டை இனத்து மரத்தின் இலை. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம்.

ஒரு தப்பைத் திருத்தவும் இதுதான் இடம். சூரியனைக் காதலித்துச் சூரியகாந்தியான நிம்ஃப் கிளைட்டி என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அவள் ஒன்பது நாள் சோறு தண்ணீர் இல்லாமல் தரையில் உட்கார்ந்து சூரியன் போகிற பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள் என்பதுவரை ஒவிட் சொன்னதுதான். ஆனால் அவள் ஆன பூ வயலட்டைப் போன்ற ஒன்று, ஹீலியோட்ரோப். சூரியகாந்தி அமெரிக்கச் செடி. கொலம்பஸுக்குப் பிறகுதான் ஐரோப்பாவுக்கே வந்தது. ஒவிட் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

துரத்தப்படுவதே தொழில் என்று நினைப்பவர்களுக்கு ஹைலஸ் கதையைச் சொல்லலாம். ஆர்கோ கப்பலில் ஹெராக்ளிஸோடு போன அழகான பையன். இன்றைய துருக்கியின் கெம்லிக் பக்கத்தில் கரையிறங்கி, குடம் எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போகிறான். குனிந்து குடத்தை முக்கும்போது நிம்ஃபுகள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். ஹெராக்ளிஸ் மூன்று தடவை கத்துகிறான். பையனும் மூன்று தடவை பதில் சொல்கிறான், ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து குரல் மெலிந்து வருகிறது. பக்கத்தில் இருந்தும் தூரத்தில் இருப்பதுபோலக் கேட்கிறது. தியோக்ரிட்டஸ் எழுதிய இந்த ஒரு விவரத்துக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். அந்த ஊர்க்காரர்கள் தன் காலத்திலும் மலைமேல் ஊர்வலம் போய், தேடுவதுபோல ஹைலஸ் பேரைக் கூப்பிடும் திருவிழா நடத்தியதாக ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். 1896இல் வாட்டர்ஹவுஸ் வரைந்த இதன் ஓவியத்தை மான்செஸ்டர் கலைக்கூடம் 2018 ஜனவரியில் சில நாள் சுவரிலிருந்து இறக்கிவைத்து, பெண் உடலை எப்படிக் காட்டுகிறோம் என்று விவாதிக்கச் சொன்னது. பெரிய சண்டையாகி, திரும்ப மாட்டினார்கள். அந்தப் படத்தில் பிடிபடுகிறவன் ஆண் என்பது சண்டையில் அதிகம் அடிபடவில்லை.

ஓஷனிட்களில் ஒருத்தியை மட்டும் எடுப்பதென்றால் ஸ்டிக்ஸ். பாதாள ஆற்றின் பேராகத்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹெசியடில் அவள் ஒரு தாய். டைட்டன்களோடு போர் மூளும் நேரத்தில், யார் என் பக்கம் என்று ஜீயஸ் கேட்டபோது முதல் ஆளாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றவள். பிள்ளைகள் யார் தெரியுமா? போட்டி, வெற்றி, பலம், வன்மை. வெற்றியின் கிரேக்கப் பேர் நைக்கி. காலில் போட்டுக்கொண்டு ஓடுகிறோம். அந்த நன்றிக்காகத் தேவர்களின் சத்தியம் ஸ்டிக்ஸின் தண்ணீர்மேல்தான் என்று ஜீயஸ் விதித்தான். பொய்ச் சத்தியம் செய்தால் தேவனே ஆனாலும் ஒரு வருஷம் மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்க வேண்டும், அதற்குமேல் ஒன்பது வருஷம் சபையிலும் விருந்திலும் இடம் கிடையாது. ஜீயஸையும் கட்டிப்போடுகிற ஒரே சட்டம் ஒரு நிம்ஃபின் பேரில் இருக்கிறது.

இனி ஹோமர். ட்ராய் போர் முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒடிஸியஸ் ஒதுங்கிய தீவின் நிம்ஃப் கலிப்ஸோ. அவளை 'ஒடிஸியஸை ஏழு வருஷம் பிடித்துவைத்தவள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். ஒடிஸியின் ஐந்தாம் காண்டத்தைப் படித்துப் பாருங்கள். ஹெர்மிஸ் அவள் குகைக்கு வரும்போது அடுப்பில் தேவதாரு எரிகிறது, அவள் தங்க ஓடத்தை எறிந்து தறி நெய்துகொண்டே பாடுகிறாள். ஒடிஸியஸ் அங்கே இல்லை, கடற்கரையில் உட்கார்ந்து அழுகிறான். ஹோமர் ஒரு சொல் போடுகிறார்: நிம்ஃப் அவனுக்கு 'இனிமேலும்' பிடிக்கவில்லை. அப்படியானால் முன்னால் பிடித்திருந்தது.

அவனை அனுப்பிவிடு என்று ஜீயஸின் உத்தரவு வந்ததும் அவள் வெடிக்கிறாள். தேவர்களே, உங்களைப்போல் பொறாமை பிடித்தவர்கள் உண்டா? ஒரு தேவி மனிதனோடு வெளிப்படையாக வாழ்ந்தால் உங்களுக்குப் பொறுக்காது. விடியல் தேவி ஒரையனை எடுத்துக்கொண்டாள், வேட்டைத் தேவி ஆர்ட்டெமிஸ் அம்பால் அவன் செத்தான். டிமீட்டர் இயாசியனோடு உழவுச் சாலில் படுத்தாள், ஜீயஸ் இடியால் அடித்தான். இப்போது என் முறையா? உடைந்த கப்பலின் அடிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு தனியாக வந்தவனைக் காப்பாற்றிச் சோறு போட்டவள் நான். கிரேக்கப் புராணத்தில் தேவர்களின் இரட்டைக் கணக்கை இவ்வளவு பச்சையாக எடுத்துவைத்தவர்கள் குறைவு. அவன் அவளிடம் ஏழு வருஷம் விருப்பமில்லாமல் அடைபட்டிருந்தான் என்பதும் சேர்ந்தே நிற்கிறது. ஹோமர் எதையும் மறைக்கவில்லை.

கத்திவிட்டு, காரியத்தில் இறங்குகிறாள். ஒலிவ மரக் காம்பு போட்ட வெண்கலக் கோடாலி, வாய்ச்சி, துரப்பணம் கொண்டுவந்து தருகிறாள். தீவின் கோடியில் நின்றுகொண்டே உலர்ந்துபோன மரங்கள் எங்கே என்று காட்டுகிறாள். மிதப்பதற்கு உலர்ந்த மரம்தான் லேசு. அவன் இருபது மரம் வெட்டுகிறான். பாய்க்குத் துணி தருகிறாள். நாலு நாளில் தெப்பம் தயார். ஐந்தாம் நாள் குளிப்பாட்டி, வாசனைத் துணி உடுத்தி, தோல்பையில் மது, அதைவிடப் பெரிய பையில் தண்ணீர், சாப்பாடு எல்லாம் வைக்கிறாள். ஜீயஸ் சொல்லித்தான் அனுப்புகிறேன் என்று மட்டும் அவனிடம் கடைசிவரை சொல்லவில்லை. பிறகு வேறொரு ஊர் அரண்மனையில் கதை சொல்லும்போது ஒடிஸியஸ், ஜீயஸிடமிருந்து சேதி வந்ததோ, இல்லை அவள் மனசே மாறியதோ என்று இழுக்கிறான். அவனுக்குத் தெரியவே இல்லை.

கைவிடப்பட்ட இன்னொருத்தி ஓயினோனி. ஹெலனைத் தூக்கிப்போன பாரிஸின் முதல் மனைவி, ஐடா மலையின் நிம்ஃப். அவன் மாடு மேய்த்த காலத்தில் கட்டிக்கொண்டவள். குறியும் வைத்தியமும் தெரிந்தவள். போகாதே, காயம் பட்டால் என்னிடம் வா, என்னால்தான் ஆற்ற முடியும் என்கிறாள். ட்ராய் போரில் ஃபிலாக்டீட்டிஸின் விஷ அம்பு பட்டு அவன் உண்மையிலேயே வருகிறான். அவள் முடியாது என்று திருப்பி அனுப்புகிறாள். பிறகு மனம் கேட்காமல் மருந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள், அதற்குள் செத்துவிட்டான். அப்பல்லோடோரஸ் பேரிலுள்ள நூலில் தூக்கு மாட்டிக்கொள்கிறாள். ஸ்மிர்னாவின் குவிண்டஸ் எழுதியதில் அவன் சிதையில் குதிக்கிறாள். எனக்கு அந்த முடிவுகளைவிட நடுவிலிருக்கும் 'முடியாது'தான் நிற்கிறது. பெரும்பாலான புராணப் பெண்கள் அந்த இடத்தில் மன்னித்துவிடுவார்கள்.

நிம்ஃப் அல்லாத சிறு பெண்களையும் கேட்டிருந்தீர்கள். இலியட் முழுக்க நடக்கிற சண்டையின் தொடக்கம் இரண்டு அடிமைப் பெண்கள்: கிரைஸேயிஸ், பிரிஸேயிஸ். இவை சொந்தப் பேர்கூட இல்லை; கிரைஸஸின் மகள், பிரிஸியஸின் மகள் என்றுதான் அர்த்தம். பிரிஸேயிஸைக் கிரேக்க வீரன் அகில்லிஸிடமிருந்து தலைமை அரசன் அகமெம்னன் பறிக்கிறான், அதனால் அகில்லிஸ் போரிலிருந்து விலகுகிறான், ஆயிரக்கணக்கில் சாகிறார்கள். அவள் மட்டும் வாய் திறக்கவில்லை. பத்தொன்பதாம் காண்டத்தில்தான் பேசுகிறாள், அதுவும் அகில்லிஸின் தோழன் பட்ரோக்லஸின் பிணத்தின்மேல் விழுந்து. என் புருஷனையும், ஒரே வயிற்றில் பிறந்த மூன்று தம்பி அண்ணன்மாரையும் ஊர் வாசலில் வெட்டுப்பட்டுக் கிடக்கப் பார்த்தேன்; அழாதே, அகில்லிஸுக்கு உன்னை முறைப்படி கட்டிவைக்கிறேன் என்று சொன்னவன் நீ ஒருவன்தான். புருஷனைக் கொன்றவனே கட்டிக்கொள்வான் என்பதுதான் அவளுக்கு மிஞ்சிய நல்ல சேதி. அவளோடு மற்ற அடிமைப் பெண்களும் அழுதார்கள் என்று சொல்லிவிட்டு ஹோமர் சேர்க்கிறார்: பட்ரோக்லஸைச் சாக்காக வைத்து, ஒவ்வொருத்தியும் தன் தன் துக்கத்துக்கு. எழவு வீட்டு ஒப்பாரியில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒடிஸியின் இருபத்திரண்டாம் காண்டம் இதைவிடக் கடினம். வீடு திரும்பிய ஒடிஸியஸ் மனைவியைப் பெண்கேட்டு வந்த கூட்டத்தைக் கொன்று முடித்தபின், அந்த ஆட்களோடு படுத்த பணிப்பெண்கள் யார் என்று கேட்கிறான். ஐம்பது பேரில் பன்னிரண்டு பேர் என்று கிழட்டுத் தாதி யூரிக்லியா கணக்குச் சொல்கிறாள். முதலில் அவர்களையே பிணங்களைத் தூக்கிப் போடவைக்கிறார்கள். நாற்காலியையும் மேஜையையும் ஈரப் பஞ்சால் துடைக்கவைக்கிறார்கள். வாளால் வெட்டு என்று அப்பா சொன்னதை மகன் டெலிமாகஸ் மாற்றுகிறான்: சுத்தமான சாவு இவர்களுக்கு வேண்டாம். கப்பல் கயிற்றை உயரத்தில் இழுத்துக் கட்டி வரிசையாகத் தொங்கவிடுகிறான். கூட்டுக்குத் திரும்பும்போது கண்ணியில் சிக்கிய புறாக்கள்போல என்கிறார் ஹோமர். கால்கள் கொஞ்ச நேரம் துடித்தன, ரொம்ப நேரமில்லை. எஜமானியைப் பெண்கேட்டு வந்தவர்கள் கூப்பிட்டபோது மறுக்கும் நிலையில் அந்தப் பெண்கள் இருந்தார்களா என்று காவியத்தில் யாரும் கேட்பதில்லை. ஆனால் கால் துடித்ததைக் கவிஞர் விடாமல் பார்த்துவைத்திருக்கிறார்.

கடைசியாக கலிஸ்டோ. ஆர்ட்டெமிஸின் வேட்டைத் தோழி. ஆர்ட்டெமிஸ் உருவத்திலேயே வந்து ஜீயஸ் அவளைக் கெடுக்கிறான். கர்ப்பம் வெளிப்பட்டதும் ஆர்ட்டெமிஸ் விரட்டுகிறாள், ஹீரா கரடியாக்குகிறாள். வளர்ந்த மகனே ஆயுதம் ஓங்கும் கணத்தில் ஜீயஸ் இருவரையும் வானத்தில் வைத்துவிடுகிறான். அதுவும் பொறுக்காமல் ஹீரா கடலிடம் போய், அந்தக் கரடியை உன் தண்ணீரில் குளிக்கவிடாதே என்று வரம் வாங்குகிறாள். பெருங்கரடி மண்டலம் கிரேக்க வானத்தில் ஒருபோதும் மறையாமல் துருவத்தைச் சுற்றியே வருவதற்கு இதுதான் காரணக் கதை. நமக்கு அது சப்தரிஷி மண்டலம்; கல்யாணத்தில் காட்டுகிற அருந்ததியும் அந்தக் கூட்டத்தில்தான். சென்னை அட்சரேகையில் ஹீராவின் சாபம் செல்லாது. வைகாசி இரவில் முன்னிரவில் உச்சிக்கு வடக்கே நிற்கிற கரடி, விடிவதற்குமுன் வடமேற்கில் இறங்கிவிடும். இங்கே அவள் தினமும் குளிக்கிறாள்.

ஹோமருக்கும் கரடி என்றால் கடலில் குளிக்காத ஒரே நட்சத்திரக் கூட்டம்தான். அதை அவர் சொல்கிற இரண்டு இடங்களில் ஒன்று, ஒடிஸியஸ் தெப்பத்தில் ஏறிய அந்த இரவு. சுக்கான் பிடித்துத் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான். கரடியை இடது கைப்பக்கமே வைத்துக்கொண்டு போ என்று கலிப்ஸோ சொல்லியனுப்பியிருக்கிறாள். பதினேழு நாள் அப்படியே போகிறான். பதினெட்டாம் நாள் மலை தெரிகிறது.